இடது தோளில் ஒரு தழும்பு: பி.சி.ஜி. தடுப்பூசியும் அவசரச் சதவீதங்களும்

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்கள் ஒரு நிமிடம் இடது கைச் சட்டையைத் தோள்வரை தள்ளிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அங்கே பட்டாணி அளவில் ஒரு தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு வேறு. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். கும்பகோணத்தில் பிறந்த தாத்தாவுக்கும் மும்பையில் பிறந்த பேத்திக்கும் பொதுவாக இருக்கும் சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

இந்தத் தழும்பைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது 2019-இல். செம்பூரில் எங்கள் குடியிருப்பில் நெடுநாள் நண்பர் ஒருவரின் மகனுக்கு விடாத இருமல். இரண்டு மாதம் கஷாயமும் இருமல் டானிக்குமாக ஓடிவிட்டது. "ஒருவேளை டி.பி.யாக இருக்குமோ, சளியைச் சோதித்துப் பார்க்கலாமே" என்று மெதுவாகச் சொன்னேன். அவனுடைய அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னண்ணா சொல்றீங்க? அவனுக்குப் பிறந்த உடனேயே பி.சி.ஜி. போட்டாச்சே! தோள்ல தழும்பு இருக்கு, வேணும்னா பாருங்க" என்றார். இன்னும் ஒரு மாதம் கழித்துச் சோதனை செய்தபோது காசநோய்தான் என்று உறுதியாயிற்று. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுப் பையன் குணமாகிவிட்டான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரே அறையில் அவனோடு படுத்த தம்பிக்கும் தொற்று.

அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2020 நவம்பரில் எங்கள் காலனியில் சதவீதங்கள் பறந்தன. 9-ஆம் தேதி ஃபைசர் நிறுவனம் 90 சதவீதத்துக்கு மேல் என்றது. 16-ஆம் தேதி மாடர்னா 94.5 என்றது. 23-ஆம் தேதி ஆஸ்ட்ராசெனகா சராசரி 70 என்றும், அதற்குள்ளேயே ஒரு பிரிவில் 62, இன்னொரு பிரிவில் 90 என்றும் சொன்னது. இவை மூன்றும் பத்திரிகைக் குறிப்புகளாக வந்தவை. முழு ஆய்வு முடிவுகள் அன்று வெளிவரவில்லை. "தொண்ணூற்றஞ்சுன்னா நூறு பேர்ல அஞ்சு பேருக்கு நோய் வரும்னுதானே அர்த்தம்?" என்றார் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. "அறுபத்திரண்டா? அது வேஸ்ட் சார்" என்றார் இன்னொருவர். "எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்" என்று மூன்றாமவர் முடித்துவிட்டார்.

முழு முடிவு வருவதற்கு முன் ஓர் எண் நம் கைக்கு வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நம் தோளில் இருக்கும் தழும்பைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஒரு நூற்றாண்டு நீண்ட அதன் கதையில் மிக முக்கியமான ஓர் அத்தியாயம் நம் திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சதவீதம் என்பது என்ன?

முதலில் கணக்கைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஃபைசர் ஆய்வின் முழு விவரம் 2020 டிசம்பர் 10 அன்று மருத்துவ இதழில் வந்தது. சுமார் 43,000 பேரில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. இரண்டாம் ஊசி போட்டு 7 நாள் கழிந்த பின் நோய் கண்டவர்களை எண்ணினார்கள். வெற்று ஊசிக் குழுவில் 162 பேர். தடுப்பூசிக் குழுவில் 8 பேர். 162 பேருக்கு வரவேண்டிய இடத்தில் 8 பேருக்குத்தான் வந்தது. 154 பேர் தப்பினார்கள். 162-இல் 154 என்பது 95 சதவீதம். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே நூற்றுக்கு ஐந்து பேருக்கு நோய் வரும் என்ற நம் வங்கி நண்பரின் கணக்கு தவறு. அந்த ஆய்வுக் காலத்தில் வெற்று ஊசி போட்டவர்களிலேயே நூற்றுக்கு ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. சதவீதம் சொல்வது இரண்டு குழுக்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே. அந்த இரண்டு குழுக்களும் ஒன்றுக்கொன்று ஒப்பானவையா, எந்த நோயை எண்ணினார்கள், எங்கே, எத்தனை நாள் எண்ணினார்கள் என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். முழு அறிக்கை வந்தால்தான் அவை வெளியே வரும்.

கால்மெட்டின் கணக்கும் நியூயார்க்கின் பாடமும்

பி.சி.ஜி. என்பதில் உள்ள 'சி', 'ஜி' இரண்டும் ஆல்பெர் கால்மெட், காமில் கெரான் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்களைக் குறிக்கும். மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை எடுத்து, 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, நோய் தராத அளவுக்கு அதை வலுவிழக்கச் செய்தார்கள். 1921-இல் பாரிஸில் ஒரு பச்சைக் குழந்தைக்கு அது முதன்முதலாக வாய்வழியே கொடுக்கப்பட்டது. அந்தக் குழந்தையின் தாய் காசநோயால் இறந்துவிட்டார். வளர்க்க வேண்டிய பாட்டிக்கும் அதே நோய். அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க முடியுமா?

1920-களின் இறுதிக்குள் பிரான்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. பி.சி.ஜி. கொடுத்த குழந்தைகளில் காசநோய் மரணம் மிகமிகக் குறைவு என்று கால்மெட் புள்ளிவிவரங்களை வெளியிட்டார். 1928-இல் மேஜர் கிரீன்வுட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் அந்தக் கணக்கைக் கடுமையாக விமர்சித்தார். ('மேஜர்' என்பது அவருடைய பெயர், பட்டாளத்துப் பதவி என்று எண்ணிவிட வேண்டாம்.) தடுப்பு மருந்து பெற்ற குழந்தைகளும் பெறாத குழந்தைகளும் ஒரே மாதிரியான வீடுகளைச் சேர்ந்தவர்கள்தானா என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

இந்தக் கேள்வியின் கனம் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில்தான் புரிந்தது. 1927 முதல் 1932 வரை எந்தக் குழந்தைக்கு பி.சி.ஜி. போடுவது என்பதை மருத்துவர்களே தீர்மானித்தார்கள். போட்டுக்கொண்ட 445 குழந்தைகளில் 3 பேரும், போடாத 545 குழந்தைகளில் 18 பேரும் காசநோயால் இறந்தார்கள். கணக்குப் போட்டால் 80 சதவீதப் பாதுகாப்பு! 1933 முதல் முறையை மாற்றினார்கள். ஒரு குழந்தைக்குப் போடு, அடுத்த குழந்தைக்குப் போடாதே என்று வரிசைப்படி பிரித்தார்கள். 1944 வரை பார்த்ததில், போட்ட 566 பேரில் 8 மரணம், போடாத 528 பேரில் 8 மரணம். பாதுகாப்பு கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. 

அதே ஊர், அதே மருந்து. முதல் கட்டத்தில், சொன்னதைக் கேட்டு ஒத்துழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே ஊசி அதிகம் போயிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் ஊசி இல்லாவிட்டாலும் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்திருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் எண் பொய்த்தது.

இதற்கிடையில் 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு பெருந்துயரம். பி.சி.ஜி. கொடுக்கப்பட்ட சுமார் 250 குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளூர் ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டதே காரணம், பி.சி.ஜி. கிருமியின் குற்றமில்லை என்று பின்னர் தெளிவாயிற்று. இருந்தாலும் சந்தேகம் பல ஆண்டுகள் தங்கிவிட்டது.

கிண்டியும் ராஜாஜியும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் காசநோயால் இறப்பதாகவும், 25 லட்சம் நோயாளிகள் இருப்பதாகவும் மதிப்பிட்டது. மருத்துவமனைப் படுக்கைகளோ சில ஆயிரம் மட்டுமே. ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் வந்த விலையுயர்ந்த மருந்து. க்ஷயரோகம், எலும்புருக்கி என்ற பெயரைச் சொல்லவே வீடுகளில் பயந்த காலம்.

இந்த நிலையில் 1948-இல் பி.சி.ஜி. இந்தியாவுக்கு வந்தது. மருந்தைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் கிங் நிறுவன வளாகத்தில் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1951-இல் நாடு தழுவிய இயக்கமாகப் பரவியது. முதலில் முன்கையில் ஒரு சோதனை ஊசி, மூன்று நாளில் அது வீங்கவில்லையென்றால் கிருமி இன்னும் தொடவில்லை என்று பொருள், அவர்களுக்கு பி.சி.ஜி. போடுவார்கள். பள்ளிக்கூடங்களில் வரிசையாக நின்று கையை நீட்டிய நினைவு மூத்த வாசகர்களுக்கு இருக்கும்.

1955-இல் இந்த இயக்கத்துக்கு எதிராக ஒரு பெரிய குரல் எழுந்தது. அது ராஜாஜியின் குரல். கவர்னர் ஜெனரலாக இருந்தவர், முந்தைய ஆண்டுவரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். நோயில்லாத குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா, மருத்துவ உலகமே இதில் ஒருமித்த கருத்தோடு இல்லையே, பெற்றோரின் விருப்பம் எங்கே போயிற்று என்று அவர் கேட்டார். தான் ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். டில்லியில் ராஜ்குமாரி அம்ருத் கௌரின் சுகாதார அமைச்சகம் இயக்கத்தைத் தொடர்ந்து நடத்தியது.

இன்று திரும்பிப் பார்த்து 'ராஜாஜி அறிவியலுக்கு எதிரி' என்றோ 'அன்றே சொன்னார் மூதறிஞர்' என்றோ முத்திரை குத்துவது சுலபம். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. 1955-இல் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே ஜோசப் ஆரன்சன் நடத்திய ஆய்வில் நல்ல பலன் தெரிந்திருந்தது. நியூயார்க்கில் பலன் தெரியவில்லை. பிரிட்டனில் 50,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் 1950-இல் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவு இன்னும் வெளிவரவில்லை. அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்த மதனபள்ளியிலும் 1950-இல் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது; அதுவும் முடியவில்லை. ஆக, பி.சி.ஜி. பலன் தருமா என்ற கேள்விக்கு அன்றைய நேர்மையான பதில் 'இன்னும் தெரியாது' என்பதே. 

பதில் தெரியாதபோதும் அரசு ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் பேர் செத்துக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதனால் ஊசி போட்டதில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 'தெரியாது, இருந்தாலும் போடுகிறோம்' என்று சொல்வதற்கும் 'இது காக்கும்' என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை ராஜாஜி சுட்டிக்காட்டினார் என்ற அளவில் அவருடைய கேள்வி நியாயமானது.

ஒரே ஊசி, இரண்டு எண்கள்

மறு ஆண்டு, 1956-இல், பிரிட்டன் ஆய்வின் முதல் அறிக்கை வந்தது. ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு! சர்ச்சை தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் அதே 1950-இல் தொடங்கிய ஆய்வில் கிடைத்த பலன் 14 சதவீதம்தான். போர்ட்டோ ரிக்கோவில் சுமார் 30 சதவீதம்.

எதை நம்புவது? இரண்டு பக்கமும் கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளே. ஒரு சாரார், பி.சி.ஜி. கிருமியை நாட்டுக்கு நாடு தனித்தனியே வளர்த்து வந்ததில் அது வெவ்வேறு ரகமாகிவிட்டது, நல்ல ரகம் நல்ல பலன் தருகிறது என்றார்கள். இன்னொரு சாரார், வெப்பமான நாடுகளில் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் பல இருக்கின்றன, அங்கே வளரும் குழந்தைக்கு அவற்றால் ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்பு வந்துவிடுகிறது, பி.சி.ஜி. புதிதாகச் சேர்ப்பதற்கு அதிகமில்லை என்றார்கள். 

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 80 என்ற எண் ஆங்கிலேய மாணவர்களிடம், அவர்கள் ஊரில், அவர்கள் வயதில் அளந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து நம்மூர்க் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. நம்மூருக்கு என்ன எண் என்று அறிய வேண்டுமானால் நம்மூரில்தான் அளக்க வேண்டும்.

திருவள்ளூர்ப் பக்கம் நடந்த பெரும் ஆய்வு

அப்படி அளக்கத்தான் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து எடுத்த முயற்சி. திருவள்ளூரைச் சுற்றிய 209 கிராமங்கள், 9 நகரப் பகுதிகள். மக்கள்தொகை சுமார் 3,60,000. 1971 வரை சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. உலகில் அதுவரை நடந்த பி.சி.ஜி. ஆய்வுகளில் இதுவே மிகப் பெரியது.

ஆய்வைத் திட்டமிட்டவர்கள் பழைய பிழைகளுக்கெல்லாம் வாசலை அடைத்தார்கள். ரகம்தான் காரணம் என்ற வாதத்துக்கு இடமில்லாமல், சோதனைக்கூடங்களில் வலுவானவை என்று பெயர்பெற்ற பிரெஞ்சு ரகம், டேனிஷ் ரகம் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு அளவுகளில் மருந்து. ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஊருக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. நியூயார்க்கின் பாடம் வீணாகவில்லை.

பிறகு காத்திருந்தார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். கரும்பு வெட்டப் போனவர், கலியாணமாகி வெளியூர் போனவர், பிழைப்புக்குப் பட்டணம் போனவர் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் கிராமங்களில் லட்சக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது லேசான காரியமா? ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அந்தச் சிரமம் நன்றாகவே புரியும்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுத்ததற்கான அறிகுறியே இல்லை. 80 இல்லை, 14 இல்லை, பூஜ்யம்.

உலகமே அதிர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. முப்பது ஆண்டு இயக்கம் வீணா, ராஜாஜி சொன்னதுதான் சரியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கேதான் கதை இன்னொரு முறை திரும்புகிறது. பூஜ்யம் என்பதும் ஓர் எண்தானே? எண் என்றால் அதையும் நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் அல்லவா?

எதில் பூஜ்யம்?

அந்த ஆய்வு எண்ணியது பெரும்பாலும் சளியில் கிருமி காணும் நுரையீரல் நோயை. அது பெரியவர்களின் நோய். பச்சைக் குழந்தைகளுக்குக் காசநோய் வேறு உருவத்தில் வரும்: மூளை உறையைத் தாக்கும் மூளைக்காய்ச்சலாக, அல்லது உடலெங்கும் கடுகு தூவியதுபோலப் பரவும் நோயாக. இவை அரிதானவை, ஆனால் உயிரைக் குடிப்பவை. பிழைத்தாலும் ஊனம் மிஞ்சக்கூடும். இவற்றை அளப்பதற்காக அந்த ஆய்வு வடிவமைக்கப்படவில்லை. ஆகவே 'செங்கல்பட்டில் பி.சி.ஜி. தோற்றது' என்ற தலைப்புச் செய்தி பாதி உண்மை.

முடிவை ஆராய்ந்த நிபுணர் குழுக்கள் 1980-இல் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தொடரட்டும் என்றே பரிந்துரைத்தன. அது சரியான முடிவு என்பது பின்னால் உறுதியாயிற்று. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 1993-இல் வெளியான கட்டுரை, குழந்தைகளின் காசநோய் மூளைக்காய்ச்சலையும் உடலெங்கும் பரவும் வகையையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்று காட்டியது. குலுக்கல் முறை ஆய்வுகளில் 86 சதவீதம்; மற்ற வகை ஆய்வுகளில் சுமார் 75 சதவீதம்.

செங்கல்பட்டு ஆய்வின் 15 ஆண்டு முழுக் கணக்கு 1999-இல் வந்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்களுக்கு 27 சதவீதம் என்றது. ஆனால் அந்த 27-ஐயும் முழுதாக நம்ப முடியாது. உண்மை மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழிருந்து 50 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அறிக்கையே சொன்னது. ஊசி போட்டது 1968-இல். முழு விடை வந்தது 1999-இல். இடையில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது.

மறுபடியும் அதே அவசரம்

2020 மார்ச்சில், பி.சி.ஜி. போடும் நாடுகளில் கொரோனா மரணம் குறைவு என்று ஒரு கட்டுரை, சக அறிஞர்களின் பரிசீலனை முடியும் முன்பே, உலகமெங்கும் பரவியது. நம்மவர்கள் பலர் தோளைத் தடவிப் பெருமூச்சு விட்டார்கள். நானும்தான்! நாட்டையும் நாட்டையும் ஒப்பிடுவது கால்மெட் காலத்துப் பிழையின் பெரிய வடிவம் என்பது அப்போது உறைக்கவில்லை. இத்தாலியில் முதியவர்கள் அதிகம், நோய் முன்பே வந்துவிட்டது, சோதனையும் அதிகம். எல்லா வித்தியாசத்தையும் ஊசியின் கணக்கில் எழுதினால் எப்படி? அதே ஏப்ரலில் இதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பல நாடுகளில் ஆய்வுகள் தொடங்கின. மருத்துவப் பணியாளர்கள் சுமார் 4,000 பேரிடம் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது: பி.சி.ஜி. கொரோனாவைத் தடுக்கவில்லை.

நம் கோவாக்சின் கதையும் பாடம் தருவதே. 2021 ஜனவரி 3 அன்று, மூன்றாம் கட்ட ஆய்வின் பலன் தெரியும் முன்பே, அவசர அனுமதி தரப்பட்டது. மார்ச் 3 அன்று 81 சதவீதம் என்று இடைக்கால அறிவிப்பு. அது 43 நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு: வெற்று ஊசியில் 36, தடுப்பூசியில் 7. முழு ஆய்வில் 130 நோயாளிகள்: 106-க்கு 24. பலன் 77.8 சதவீதம், நவம்பரில் லான்செட் இதழில் வந்தது. இடைக்கால எண் இந்த முறை பெரிதாகத் தவறவில்லை. அதற்காக ஜனவரியில் கேள்வி கேட்டவர்கள் தேசத் துரோகிகளும் அல்லர். அவர்கள் கேட்டது, 1955-இல் ராஜாஜி கேட்ட அதே கேள்வி.

நாம் கேட்க வேண்டியவை

இந்த நூறாண்டுக் கதையிலிருந்து, அடுத்த முறை ஒரு சதவீதம் தொலைக்காட்சியில் ஓடும்போது நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

யாரோடு ஒப்பிட்டார்கள்? குலுக்கல் முறையில் பிரித்த வெற்று ஊசிக் குழு இருந்ததா, இல்லையா? இது நியூயார்க் கற்றுத் தந்தது.

எதை எண்ணினார்கள்? லேசான காய்ச்சலையா, ஆஸ்பத்திரி சேர்க்கையையா, மரணத்தையா? இது செங்கல்பட்டு கற்றுத் தந்தது.

எங்கே, எந்த வயதினரிடம்? பிரிட்டனின் 80 ஜார்ஜியாவில் 14 ஆனது நினைவிருக்கட்டும்.

எத்தனை பேருக்கு நோய் வந்தபின் கணக்குப் போட்டார்கள்? 43 பேரை வைத்துச் சொன்ன எண் அசையும். 130 பேரை வைத்துச் சொன்னது குறைவாக அசையும்.

எவ்வளவு காலம் பார்த்தார்கள்? இரண்டு மாதப் பாதுகாப்பு இரண்டு ஆண்டுப் பாதுகாப்பு ஆகாது.

இவற்றுக்கு விடை இல்லையென்றால் அந்த எண் பொய் என்று ஆகிவிடாது. 'இப்போதைக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று எடுத்துக்கொண்டு, போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதை நம் வயது, உடல்நிலை, சுற்றிலும் பரவும் நோயின் வேகம் இவற்றைப் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். 2021-இல் நான் காத்திருக்கவில்லை. என் முறை வந்ததும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். ஊசி போட்டாகிவிட்டது என்று முகக்கவசத்தைக் கழற்றி எறியவும் இல்லை.

இப்போது காசநோய்க்கே புதிய தடுப்பூசிகள் சோதனையில் இருக்கின்றன. எம்72 என்ற ஒன்றுக்கு 2018-இல் வந்த முதல் கணக்கு 54 சதவீதம் என்றது. மறு ஆண்டு இறுதிக் கணக்கில் அது ஏறத்தாழ 50 ஆயிற்று. சுமார் 20,000 பேரிடம் நடத்தும் பெரிய ஆய்வு 2024-இல் ஆப்பிரிக்காவில் தொடங்கி, இந்தோனேசியாவுக்கும் விரிந்தது. அதன் முடிவு வரும் நாளில் செய்தித்தாள்களில் மறுபடி ஒரு சதவீதம் கொட்டை எழுத்தில் வரும். அப்போது இந்தக் கட்டுரை ஒருவருக்காவது நினைவுக்கு வந்தால் மகிழ்ச்சி.

கடைசியாக, செம்பூர் நண்பரின் வீட்டு விஷயம். வீட்டில் குழந்தை பிறந்தால் தயங்காமல் பி.சி.ஜி. போடுங்கள்; அது பச்சைக் குழந்தையின் மூளையைக் காக்கும் ஊசி. ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் தோளில் இருக்கும் தழும்பைக் காட்டிச் சமாதானம் சொல்லாதீர்கள். சளியைச் சோதித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். தழும்பு பெரியவர்களைக் காக்காது என்று நமக்குச் சொன்னவர்கள் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்து மக்கள். தமக்குப் போட்டது மருந்தா வெற்று ஊசியா என்றுகூடத் தெரியாமல், பதினைந்து ஆண்டு எக்ஸ்ரே வண்டி வந்தபோதெல்லாம் போய் நின்றவர்கள். எந்த மலரிலும் அவர்கள் பெயர் அச்சானதில்லை. நம் சங்க மலரின் இந்தச் சில பக்கங்கள் அவர்களுக்கு நன்றியாக இருக்கட்டும்.